நல்ல தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

புறங்கையை வைத்துத்தான் பார்ப்பார். உள்ளங்கை பொய் சொல்லும் என்பது காசிராஜனின் கட்சி. கடையைத் திறந்ததும் நேராகப் போய் மானிட்டரின் நெற்றியில் ஒரு தடவை, பெட்டியின் விலாவில் ஒரு தடவை, பின்பக்கம் காற்று வெளியேறும் ஓட்டையில் ஒரு தடவை. இத்தனைக்கும் இன்னும் சுவிட்ச் போட்டிருக்க மாட்டார். "நேத்து வெக்க இன்னும் உள்ளதான் கெடக்கு" என்று உதட்டைப் பிதுக்குவார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. வாசலில் வாடிக்கையாளர் நின்றால் அவரும் அரை மணி நேரம் நிற்பார்.

அருப்புக்கோட்டை டவுன் பஸ் பாளையம்பட்டிக்குள் நுழைகிற இடத்தில், தொண்ணூற்று நான்காம் வருஷம் வரை பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்ற கடைதான் இப்போது 'கோகிலாம்பாள் கம்ப்யூட்டர்ஸ்'. கோகிலாம்பாள் என்பது காசிராஜனின் தாயார். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தது திறப்பு விழா அன்று ஒரே ஒரு தடவை, அதுவும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு. மாட்டுத் தீவனம் போன கடையிலிருந்து இப்போது கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் போகின்றன. டைப் அடித்து, பூப்போட்ட பார்டர் கட்டி, பிளாப்பியில் ஏற்றிக் கொடுப்பார்கள். அதைச் சிவகாசிக்குக் கொண்டுபோனால் அச்சாகிவிடும். முதலாளி காசிராஜன். டைப் அடிப்பது, பார்டர் கட்டுவது, பிழை திருத்துவது, பிளாப்பியில் ஏற்றுவது முதலான சில்லறை வேலைகளெல்லாம் அவர் மனைவி தங்கச்செல்விக்கு. அவள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். காசிராஜனுக்கு எந்த விரலில் எந்த எழுத்து என்று தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவர் இலாகா சூடு.

"மெஷினும் ஒரு ஒடம்புதாம்ப்பா. சூட்டு ஒடம்பா, குளுந்த ஒடம்பான்னு பாக்காம வேல வாங்கக் கூடாது" என்று டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். தன் கம்ப்யூட்டருக்குச் சூட்டு உடம்பு என்பது அவர் நாடி பிடித்துச் சொன்ன தீர்மானம். ஆகவே சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டருக்கு ஓய்வு. எண்ணெய் தேய்ப்பதில்லையே தவிர மற்றதெல்லாம் உண்டு. பெட்டிக்குள் ஷேவிங் பிரஷ்ஷால் தூசி தட்டி, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, வெள்ளைத் துண்டால் போர்த்திவிடுவார். "இன்னைக்கி அது பேசாம கெடக்கட்டும்" என்பார் கனிவாக. அந்தச் சனிக்கிழமைகளில் தங்கச்செல்வி மாவாட்டி, துணி துவைத்து, மிச்ச நேரத்தில் அடுத்த வாரத்துப் பத்திரிகைகளைப் பேனாவால் திருத்திக்கொண்டிருப்பாள்.

இந்தச் சூடு தானாக வந்த சூடு இல்லை. காசிராஜனே தேடிப்போய் வாங்கி வந்தது. முதலில் இருந்தது 486 என்ற பழைய ரகக் கம்ப்யூட்டர். இரண்டு வருஷம் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்துகொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மதுரைக்குப் போய் வந்த யாரோ 'பென்டியம்' என்ற சொல்லைக் காதில் போட்டுவிட்டார்கள். "எட்டு எம்பியப் பதினாறா ஆக்கி, பென்டியத்தையும் மாட்டிட்டா அப்படியே பறக்கும் பாரு" என்றார். கல்யாணப் பத்திரிகை எங்கே பறக்கணும் என்று தங்கச்செல்வி கேட்கும்போது அவர் மஞ்சப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு தடவை ராம் என்கிற நினைவகச் சில்லு, ஒரு தடவை போர்டும் பென்டியமும், ஒரு தடவை பெரிய டிஸ்க் என்று மூன்று நடை மதுரைக்குப் போய், மஞ்சப்பையில் வைத்து மடியை விட்டு இறக்காமல் பஸ்ஸில் கொண்டுவந்தார். ஸ்குரூ முடுக்கியதும் அவரே. வேகம் கூடியது உண்மை. சூடு அதைவிட வேகமாகக் கூடியது. நாள் முழுக்க உழைத்த பெட்டி, முக்கால் மணி நேரத்தில் அப்படியே உறைந்து நிற்கத் தொடங்கியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று தங்கச்செல்வி சொன்னாள். அவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள்.

பிறகு தொடங்கியது வைத்தியம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி பீரோவுக்கு அடியில் தள்ளினார். வீட்டில் அடுப்படிக்கென்று வாங்கிய எக்ஸாஸ்ட் பேனை எடுத்துவந்து, கிரில் பட்டறையில் பெட்டிக்கு ஓட்டை போட்டு முதுகில் மாட்டினார். அன்றிலிருந்து வீட்டில் மிளகாய் தாளித்தால் தெருவே தும்முகிறது. அடுத்தது டேபிள் பேன். தங்கச்செல்வி கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது அது. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, இருக்கிற எல்லோருக்கும் காற்றுப் பங்கு வைக்கும். காசிராஜன் முதல் காரியமாக அந்தச் சுற்றலை நிறுத்தினார். திறந்த பெட்டியை முறைத்தபடி ஒரே பக்கம் நிற்க வைத்தார். பக்கத்திலேயே தங்கச்செல்வியின் நாற்காலி. பேன் ஓடுகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்கும்.

"கொஞ்சூண்டு இங்கிட்டுத் திருப்பிவிட்டா என்னங்க?"

"ஒனக்கு வேர்த்தா தொடச்சுக்கிறலாம். அதுக்கு வேர்த்தா யாரு தொடைக்கிறது?"

வைத்தியத்தின் உச்சம் வெட்டிவேர்த் தட்டி. ஜன்னலில் தட்டியைக் கட்டி, தண்ணீரை வாரி அடித்து, அதற்கு முன்னால் பேனை நிறுத்தினால், பேன் அந்த ஈரத்தை இழுத்துப் பெட்டிக்குள் ஊதும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்து, பெட்டி உறையாமல் மணிக்கணக்கில் ஓடிய நாளில் அவர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார்.

இந்த ஊரில் தண்ணீர் இரண்டு விதம். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதில் குளித்தால் தலைமுடி சிக்குப் பிடிக்கும், துவைத்தால் சோப்பு நுரைக்காது. குழாயில் எட்டு நாளைக்கு ஒரு முறை வருவது நல்ல தண்ணீர். அன்றைக்கு விடியுமுன்பே தெருவில் குடங்கள் இடம் பிடித்துவிடும். தங்கச்செல்வி இடுப்பு ஒடியப் பிடித்துவரும் பத்துக் குடத்தில் முதல் குடம் தட்டிக்கு. "உப்புத் தண்ணி ஊத்துனா வேரு மக்கிப் போயிரும்" என்பார் காசிராஜன். வீட்டுக்கு வந்த விருந்தாளி இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டால் மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும்.

இன்னொரு சட்டமும் உண்டு. வேலைக்கு நடுவில் சேவ் பண்ணக் கூடாது. சேவ் பண்ணும்போது கர்ரென்று ஒரு சத்தம் வருகிறதே, சூடு பிறப்பது அந்தச் சத்தத்தில்தான் என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார். பிளாப்பி போடுகிற சத்தம் இன்னும் மோசம். "அடிக்கொருக்க சேவ் பண்ணி அது உசுர வாங்காத. எல்லாம் முடிஞ்சபெறகு மொத்தமா ஒரு தடவ போடு" என்று சொல்லிவிட்டு, எதிர் மேசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வரும்.

அந்தச் சமயத்தில் தங்கச்செல்விக்கு இருமல் வேறு பிடித்துக்கொண்டது. வீட்டில் வராது. கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வரும்; வந்தால் நீளமாக, குடலைப் பிடுங்குகிற மாதிரி வரும். வெட்டிவேர்க் குளிர்ச்சி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று காசிராஜன் முடிவு கட்டினார். இரக்கம் இல்லாத மனிதரில்லை அவர். பனங்கற்கண்டு வாங்கிக் கொடுத்தார். "காத்தே படாதவளுக்குக் குளுந்துருச்சாம்" என்று சொல்லி அதை வாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

தொண்ணூற்று ஏழு, கத்திரி வெயில். பாலவனத்தம் பால்ச்சாமியின் மகள் சுகந்திக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகையில் பெயர் போடுவது இந்தப் பக்கத்தில் லேசுப்பட்ட காரியமில்லை. யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்பதில் ஒரு வரி பிசகினால், இலை போட்ட பிறகும் பந்தியில் உட்கார மாட்டார்கள். முன்பெல்லாம் சண்டையை வீட்டிலேயே போட்டு முடித்து, தாளில் எழுதி அச்சாபீசுக்குக் கொண்டுபோனார்கள். கம்ப்யூட்டரில் பெயரை நொடியில் ஏற்றலாம் இறக்கலாம் என்று தெரிந்ததிலிருந்து சண்டையே நேராகக் கடைக்கு வர ஆரம்பித்துவிட்டது. அதற்கு விளம்பரம் செய்ததும் காசிராஜன்தான். "இங்கயே உக்காந்து பேசி முடிங்க. என்ன மாத்தணுமோ மாத்திக்கிறலாம். பென்டியம் இருக்குல்ல" என்று சொல்லியிருந்தார்.

பால்ச்சாமி தாளில்லாமல் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். ஒருவர் அவருடைய பெரியப்பா மகன் ஆண்டிச்சாமி, பங்காளிகளில் மூத்தவர், மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவர். இன்னொருவர் இன்பராஜ், சுகந்தியின் தாய்மாமன். இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. ஒரே பஸ்ஸில் வந்து, ஒருவர் முன்வாசலில் இறங்கினால் மற்றவர் பின்வாசலில் இறங்கினார். பெயர் வரிசை சரியில்லையென்றால் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை போதும், கல்யாணம் நின்றுவிடும் என்று ஆண்டிச்சாமி சொல்லி வைத்திருந்தார். தாய்மாமன் இல்லாமல் மேடையில் பெண்ணை எப்படி உட்கார வைப்பீர்கள் என்று இன்பராஜ் கேட்டிருந்தார். பால்ச்சாமி நடுவில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தாய்மாமன் பேரு தனியா, கட்டம் கட்டி வரணும்" என்று தொடங்கினார் இன்பராஜ்.

"கட்டம் கட்டிக்கிறட்டும். கட்டத்துக்கு மேல எங்க அய்யா பேரு வரணும்" என்றார் ஆண்டிச்சாமி.

"செத்துப்போனவுக பேரு எதுக்கு மச்சான் மேல?" இன்பராஜ் பால்ச்சாமியைப் பார்த்துக் கேட்டார். ஆண்டிச்சாமியிடம்தான் பேச்சில்லையே.

"செத்தாலும் அவுகதான் குடும்பம். இருக்கவுக யோக்கியத என்னன்னு ஊருக்கே தெரியும்ல."

"தாயி, அந்தப் பேர எறக்கு."

"எறக்காத தாயி. இன்னும் ஒரு வரி ஏத்து."

தங்கச்செல்வி ஏற்றினாள், இறக்கினாள். இரண்டு மூன்று பெயருக்கு இடம் முடிவானால் ஒரு தடவை இருமினாள். அண்ணன் தம்பி, சித்தப்பா வகையறா, சம்பந்தி வகையறா என்று நாற்பத்தேழு பெயர்.

காசிராஜன் அந்தப் பக்கம் வேறு கவலையில் இருந்தார். குழாயில் நல்ல தண்ணீர் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே குடம். அதைத் தங்கச்செல்வி தட்டுப் போட்டு மூடி, குடிக்க மட்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். தட்டி காய்ந்தால் மெஷின் என்னத்துக்காகும்? மூன்று நாளாக வாளி வாளியாக போர்த் தண்ணீரைத்தான் தட்டியில் அடித்துக்கொண்டிருந்தார். வேர் மக்கினாலும் பரவாயில்லை என்கிற தியாகத்துக்கு அவர் வந்துவிட்டிருந்தார். தட்டியின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. திறந்து கிடந்த பெட்டிக்குள்ளும் அதே வெள்ளை, ஊறுகாய் ஜாடியின் விளிம்பு மாதிரி. தங்கச்செல்வி முந்தின நாளே காட்டினாள். "தூசி. சனிக்கெழம தட்டிக்கிறலாம்" என்றுவிட்டார்.

இப்போது புறங்கையை வைத்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு பேரு உள்ள உக்காந்து மூச்சு விட்டா எப்படித் தாங்கும்? பேசுறவுக வாசல்ல நின்னு பேசுங்கய்யா" என்றார். ஆண்டிச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதற்குள் இன்னொரு வாளி தட்டியில் விழுந்தது.

மூன்று மணி நேரம் ஆன பிறகு வழி சொன்னது தங்கச்செல்விதான். "மேல, கீழன்னு பாத்தா முடியாதுங்க. பக்கம் பக்கமாப் போட்டுருவோம். பங்காளி வகையறா வலது பக்கம். மாமன் வகையறா எடது பக்கம், ஆனா மாமன் பேருக்குக் கூட ஒரு பூ. பெரியவுக பேரு ரெண்டுக்கும் நடுவுல, பிள்ளையார் சுழிக்குக் கீழ." ஆண்டிச்சாமி திரையை உற்றுப் பார்த்தார். இன்பராஜ் பூவை உற்றுப் பார்த்தார். "பூவு கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றார். பூவைப் பெரிதாக்கிவிட்டு அவள் நீளமாக ஒரு தடவை இருமினாள். ஆண்டிச்சாமி மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு, இன்பராஜ் பக்கம் நீட்டினார். பால்ச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

காசிராஜனுக்கும் சந்தோஷம். "பாத்தீகளா? பென்டியம்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை மொத்தமாகத் தூக்கித் தட்டியில் விசிறினார். பேன் அதை அப்படியே வாங்கிப் பெட்டிக்குள் ஊதியது. பட்டென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். திரையிலிருந்த நாற்பத்தேழு பெயரும் சுருங்கி ஒரு புள்ளியாகி, புள்ளியும் போய்விட்டது.

பேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் பால்ச்சாமி.

"மறுபடி மொதல்ல இருந்து அடிக்கணும் போல" என்றார் காசிராஜன்.

"மொதல்ல இருந்துன்னா எங்க அய்யா பேரும் மொதல்ல இருந்துதான்" என்று ஆண்டிச்சாமி வெற்றிலைப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். "அப்பக் கட்டமும் உண்டு" என்று இன்பராஜும் எழுந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வாசலைப் பார்த்து நடந்தார்கள். பால்ச்சாமி காசிராஜனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எம்மக கல்யாணம் அண்ணாச்சி. இந்த ரெண்டு பேரயும் இன்னொருக்க என்னால ஒண்ணா உக்கார வைக்க முடியாது. என்னமாச்சும் பண்ணுங்க."

காசிராஜன் அந்தக் கையை மெல்ல விலக்கி, தன் புறங்கையைப் பெட்டியின் விலாவில் வைத்தார். நெற்றியில் வைத்தார். பின்பக்கத்து ஓட்டையில் வைத்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் பரவியது. "அனலே இல்லையே. சில்லுன்னுல்ல இருக்கு" என்றார். செத்த பிறகுதான் அது அவர் ஆசைப்பட்ட குளிர்ச்சிக்கு வந்திருந்தது.

தங்கச்செல்வி குனிந்து, பெட்டியின் முன்பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். பிளாப்பி வெளியே நீட்டியது. அதை முந்தானையால் துடைத்துப் பால்ச்சாமியிடம் கொடுத்தாள்.

"எல்லாப் பேரும் இதுல இருக்குண்ணே. பூவு வரைக்கும் இருக்கு. சிவகாசியில போட்டா அப்படியே வரும்."

"எப்படித் தாயி? இப்பத்தான போச்சுன்னாக?"

"இருமுனேன்ல" என்றாள்.

பால்ச்சாமிக்குப் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை. பிளாப்பியை இரண்டு கையாலும் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு வாசலுக்கு ஓடினார். வாசலில் பேச்சு கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் சிவகாசி பஸ்ஸைப் பிடிக்க ஒன்றாக நடந்தார்கள். ஆண்டிச்சாமியின் பொட்டலம் மறுபடி வெளியே வந்திருந்தது.

காசிராஜனுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "எத்தன தடவ சேவ் பண்ணுன?" என்று கேட்டார்.

"பதினெட்டு."

"மூணு மணி நேரத்துல பதினெட்டு தடவ சூடேத்திருக்க. அப்பறம் அது எப்படி நிக்கும்?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தங்கச்செல்வி அன்று சண்டை போடவில்லை. பெட்டிக்குள் விரலை விட்டு அந்த வெள்ளையைத் தொட்டு அவர் முன் நீட்டினாள். "நாக்குல வச்சுப் பாருங்க." அவர் தன் விரலாலேயே தொட்டு வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. வாளியைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார். நெற்றியிலிருந்து கழுத்துவரை நனைந்து, ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போய் நின்ற மனைவியைப் பார்த்தார். அவளிடம்தான் விடை இருந்தது.

"டைப் அடிக்கையில ஒன் வேர்வ தெறிச்சிருக்கு" என்றார்.

தங்கச்செல்வி தன் பிறந்த வீட்டுப் பேனின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முகத்தில் காற்றுப் பட்டது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி பிரிந்து பறந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காசிராஜன் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உப்பைத் தட்டினார், ஊதினார், கருகிய இடத்தைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பார்வையை அதிலிருந்து எடுக்காமலே இடது கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். பேனின் கழுத்து அகப்பட்டது. அதை மெல்ல, சத்தம் வராமல், பெட்டியின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.